கோசிமாவுக்கு யார் சமைப்பது?

கிணற்றுச் சந்தில் யார் வீட்டிலாவது சாவு விழுந்தால், பங்குச்சாமிக்கு முன்னால் கோசிமாவுக்குத் தகவல் போய்விடும். சாமி வந்து ஆத்துமாவைக் கவனித்துக்கொள்வார். கோசிமா வந்து கேஸ் சிலிண்டரை மூடுவாள். கறுப்புச் சால்வையை இழுத்துச் செருகிக்கொண்டு, அழுகிறவர்களை விலக்கிவிட்டு நேராகச் சமையலறைக்குள் நுழைவாள். சிலிண்டரின் குமிழைத் திருகுவாள். அடுப்பில் காபி கொதித்துக்கொண்டிருந்தால் அதையும் தூக்கி ஓரமாக வைப்பாள். அதற்குப் பிறகுதான் செத்தவர் கிடக்கும் அறைக்குப் போய்ச் சிலுவை போட்டுக்கொள்வாள்.

“இந்த வாரம் பூரா இந்த வீட்டுல ஒருத்தரும் அடுப்புப் பக்கம் போகக் கூடாது. நாங்க இருக்கோம்” என்பாள். அந்தத் தோரணையைப் பார்த்தால், ஆறுதல் சொல்கிறாளா மிரட்டுகிறாளா என்று வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள்.

துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் முறை வைத்துச் சாப்பாடு கொடுப்பதற்கு அங்கே கூன்சுலு என்று பெயர். தெற்கு இத்தாலியில் லெச்சே நகரத்தைச் சுற்றி எந்த ஊரிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் மற்ற ஊர்களில் அது தானாக நடக்கும். கிணற்றுச் சந்தில் கோசிமா நடத்துவாள். இன்றைக்கு எந்த வீடு, நாளைக்கு எந்த வீடு, யார் கோழிச்சாறு, யார் இறைச்சி உருண்டை என்பதெல்லாம் அவள் மண்டைக்குள் இருந்தது. எங்கும் எழுதி வைக்கவில்லை, யாரையும் கேட்கவும் மாட்டாள். காலையில் ஜன்னலுக்குக் கீழே நின்று ஒரு சத்தம் போடுவாள், அவ்வளவுதான்.

அவள் வைத்த சட்டங்கள் வேறு இருந்தன. செத்தவரோடு சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த வீடு எதுவோ, அதுதான் முதல் நாள் அனுப்ப வேண்டும். பாத்திரத்தைத் துக்க வீட்டில் கழுவக் கூடாது. கொண்டுவந்தவரே எச்சில் பாத்திரமாக எடுத்துப் போக வேண்டும். சாவு நடந்து வருஷம் திரும்பாத வீட்டுக்கு முறை கிடையாது, அந்த வீட்டுச் சாப்பாடு இன்னொரு துக்க வீட்டுக்குப் போகவே கூடாது. இந்தக் கடைசிச் சட்டம் அவள் பிறப்பதற்கு முன்பே இருந்ததுதான். ஆனால் அவள் சொல்லும்போது, அவளே போட்டது மாதிரி இருக்கும்.

சாப்பாடு துக்க வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு முன் மூடியைத் திறந்து பார்ப்பாள். ஐயோ, அந்த நேரத்தில் சமைத்தவர்கள் முகத்தில் ஈயாடாது.

“ஏன்டி பியெரினா, இது சாறா? கோழி இந்தத் தண்ணியில குளிச்சிட்டுப் போயிருக்கு, வேற ஒண்ணும் நடக்கல.”

“கோசிமாக்கா, காலையிலேருந்து கொதிக்குதுக்கா.”

“தண்ணி கொதிச்சிருக்கும். கோழியைக் கேட்டுப் பாரு.”

பியெரினா எதிர்வீட்டுக்காரி; தபால் ஆபீசில் கவுண்டரில் உட்கார்ந்து ஊரையே வரிசையில் நிற்க வைக்கிறவள். கோசிமாவுக்கு முன்னால் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிற்பாள். ரொட்டிக்கடை இப்பாசியோ, தன் முறை வருகிறதென்றால் முதல் நாளே மனைவியிடம் உப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான்.

இவ்வளவு வாய் பேசுகிறவள், துக்க வீட்டுக்குள் போனதும் ஆறுதலாக ஒரு வார்த்தை பேச மாட்டாள். பேசுகிறவர்களையும் விட மாட்டாள். “கடவுள் கூப்பிட்டுக்கிட்டார்” என்று யாராவது ஆரம்பித்தால், “நாளைக்கு உன்னைக் கூப்பிட்டா நீ போவியா? போ, போய் நாற்காலி எடுத்துட்டு வா” என்று துரத்திவிடுவாள். சாப்பாட்டைப் பரிமாறி எதிரில் உட்கார்ந்துகொள்வாள். அவர்கள் ஒரு கரண்டியாவது எடுக்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். அழுதால் அழட்டும், கத்தினால் கத்தட்டும். அவளுடைய வேலை உட்கார்ந்திருப்பது. ஆனால் அந்த வீட்டில் தான் ஒரு வாய் சாப்பிட மாட்டாள்.

அவளும் தங்கை வித்தூச்சாவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். வித்தூச்சா கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அக்கா பேசுவதில் பத்தில் ஒரு பங்குகூடப் பேச மாட்டாள், ஆனால் பேசினால் சரியான இடத்தில் குத்தும். ஒரு தடவை, இரண்டு பேரும் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்: “ஊருக்கெல்லாம் முறை போடுறியே, உனக்கு யாரு போடுவா?”

“நீ போடுவ. எனக்கு முன்னாடி நீ போயிருவியா? அவ்வளவு தைரியம் இருக்கா உனக்கு?”

“நான் முந்திட்டேன்னா?”

“வாயை மூடிக்கிட்டு உரி.”

வித்தூச்சா சும்மா கேட்கவில்லை. அக்கா ஏன் இப்படி ஒவ்வொரு சாவு வீட்டுக்கும் தலைதெறிக்க ஓடுகிறாள் என்பது அந்தச் சந்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், கோசிமா சின்ன வயதில் கல்யாணம் பண்ணிக்கொண்டு சுவிட்சர்லாந்து போனாள், அங்கே கணவன் பந்தலேயோ கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து செத்துப்போனான், அவள் திரும்பி வந்துவிட்டாள் என்பதுதான்.

விண்டர்தூர் நகரத்தில் மாடியில் ஒரே ஒரு அறை. அங்கே அவளுக்குத் தெரிந்தவர் என்று ஒரு ஈ காக்கை கிடையாது. கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி விஷயத்தைச் சொன்னார். பந்தலேயோவின் பையைக் கொடுத்துவிட்டுப் போனார். படிக்கட்டில் எதிரில் வந்தவர்கள் தலையைத் தாழ்த்தி மரியாதையாக ஏதோ சொன்னார்கள். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அந்த ஊரில் அப்படி வழக்கமில்லை. ஆனால் கோசிமாவுக்கு அது எப்படித் தெரியும்? சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று கற்று வளர்ந்தவள் அவள். கட்டிலில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது தட்டுவார்கள், ஒரு கிண்ணம் வரும் என்று காத்திருந்தாள். மறுநாளும் காத்திருந்தாள். யாரும் வரவில்லை.

பசி தாங்க முடியாமல் கடைசியில் பையைத் திறந்தாள். உள்ளே தகர டப்பா இருந்தது. அவன் கடைசியாக வேலைக்குப் போன அன்று காலை அவளே ரொட்டிக்கு நடுவில் குடமிளகாயும் முட்டையும் வைத்துக் கட்டிக் கொடுத்தது. பாதி சாப்பிட்டிருந்தான். அவன் கடித்த இடம் அப்படியே இருந்தது. மீதியை அவள் சாப்பிட்டாள். அந்த ஊரில் அவளுக்குக் கிடைத்த கூன்சுலு அதுதான்.

ஊர் திரும்பியவளுக்கு வித்தூச்சா கதவைத் திறந்துவிட்டாள், கேள்வி எதுவும் கேட்கவில்லை. ரொம்ப நாள் கழித்து கோசிமா அந்த டப்பாவைப் பற்றித் தங்கையிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, “இந்தச் சந்துல ஒருத்தரும் அப்படி உட்கார்ந்திருக்கக் கூடாது” என்றாள். அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் இந்த சிலிண்டர் மூடுகிற வேலையெல்லாம்.

போன குளிர்காலத்தில் சந்துக் கோடி வீட்டில் லொரேத்தா செத்துப்போனாள். அவள் புருஷன் ஒரோன்சோ பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். கோசிமாவோடு ஒரே வகுப்பில் படித்தவன். கல்யாணமான நாளிலிருந்து அவன் சமையலறைக்குள் தண்ணீர் குடிக்க மட்டும்தான் போயிருக்கிறான். லொரேத்தா அப்படி வைத்திருந்தாள். கோசிமா வழக்கம்போலப் போய் சிலிண்டரை மூடினாள், முறை போட்டாள். தினமும் அவள் கண் முன்னால் ஒரு கரண்டி எடுப்பான், பிறகு பாத்திரம் காலியாகத் திரும்பும். எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் ஒரோன்சோவின் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. கோசிமாவுக்கு மூக்கில் வேர்த்தது.

ஒரு நாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்தாள். ஒரோன்சோ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். காலடியில் அவன் வீட்டுப் பூனை, வயிறு தரையில் தட்ட, உருண்டை உருண்டையாக இறைச்சி தின்றுகொண்டிருந்தது.

“ஏன் ஒரோன்சோ, உன் பூனைக்கு யாரு செத்துப்போனா?”

அவன் திரும்பவில்லை. “எனக்கு இறங்கல கோசிமா. விட்டுரு.”

“சாப்பாடு நல்லா இல்லையா?”

“நல்லாத்தான் இருக்கு. அதான் இறங்கல.” திடீரென்று குரல் உயர்ந்தது. “எவடி உங்களுக்கெல்லாம் சொன்னது? சாறுல ஜாதிக்காய் போட்டிருக்கா ஒருத்தி. உருண்டையில எலுமிச்சைத் தோல். எல்லாம் அவ கைப்பக்குவம். ஏன் அவ மாதிரியே செஞ்சு அனுப்புறீங்க? மூடியைத் தொறந்தா அவ வாசனை வருது, நிமிர்ந்து பாத்தா அவ இல்ல!”

கோசிமாவுக்குச் சுருக்கென்றது. லொரேத்தா எப்படிச் சமைப்பாளோ அப்படியே சமைக்க வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னதே அவள்தான். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாள்.

“சரி. நாளைக்கு பியெரினா முறை. அவளைக் கேவலமா செய்யச் சொல்றேன்.”

“என்ன?”

“அவளுக்குச் சொல்லவே வேண்டாம். தானா வரும்.”

ஒரோன்சோவின் வாயோரம் ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்பா அழுகையா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. மறுநாள் பியெரினாவின் குளித்த கோழிச்சாறு வந்தது. கோசிமா எதிரில் உட்கார்ந்தாள். அவன் ஒரு கரண்டி வாயில் வைத்து, “உவ்வே” என்றான். இன்னொரு கரண்டி எடுத்தான். தட்டு காலியானது.

வாரம் முடிந்ததும், “சிலிண்டரை நீயே திறந்துக்கோ” என்று சொல்லிவிட்டு கோசிமா வந்துவிட்டாள். அவன் திறக்கவில்லை. காலையில் காபிக்கடையில் காபி, மத்தியானம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும், ஞாயிற்றுக்கிழமை யாராவது கூப்பிட்டால் அங்கே. இது அவள் காதுக்கும் வந்தது. அவனை விரட்டவில்லை. சாப்பிடுகிறான், அது போதும் என்று விட்டுவிட்டாள்.

வருஷம் திரும்புவதற்குள், இலையுதிர்காலத்தில் ஒலிவ் பறிக்கும் நேரத்தில், வித்தூச்சா முந்திக்கொண்டாள். இரவு அவரைப்பருப்பு மசியலும் சிக்கரிக் கீரையும் சாப்பிட்டுவிட்டு, மீதியைக் கிண்ணத்தில் மூடி வைத்துவிட்டுப் படுத்தவள், காலையில் எழுந்திருக்கவில்லை.

கோசிமா தங்கையின் கையைத் தொட்டுப் பார்த்தாள். சமையலறைக்குப் போய்த் தன் வீட்டுச் சிலிண்டரின் குமிழைத் திருகி மூடினாள். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

சந்து முழுக்க வந்துவிட்டது. மூலைச் சுவரில் கறுப்புக் கட்டம் போட்ட சாவு நோட்டீஸ் ஒட்டினார்கள். நாற்காலிகள் வந்தன. காபி வந்தது, மறுபடியும் காபி வந்தது. பியெரினா கட்டிப்பிடித்து அழுதாள். இப்பாசியோ அன்று கடையைத் திறக்கவில்லை. சந்துக்கென்று இருந்த வாட்ஸ்அப் குழுவில் கும்பிடுகிற கைகளாக வந்து விழுந்தன. மத்தியானம் ஆனது. வந்தவர்கள் சாப்பிடப் போனார்கள், சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். கோசிமாவுக்கு யாரும் ஒரு வாய்ச் சாப்பாடு கொண்டுவரவில்லை.

கோசிமா அழவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “பாவம், கல்லா உறைஞ்சு போயிட்டா” என்று பேசிக்கொண்டார்கள்.

நடந்தது என்னவென்றால், கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். முறை போடுகிறவள் கோசிமா. அவள் ஜன்னலுக்குக் கீழே வந்து சத்தம் போட்டால்தான் அந்தச் சந்தில் பானை அடுப்பில் ஏறும். இப்போது அவள் சத்தம் போடவில்லை. இன்று இப்பாசியோ வீட்டு முறையாக இருக்கும் என்று பியெரினா நினைத்தாள். இல்லை, பியெரினா வீட்டுக்குத்தான் சொல்லியிருப்பாள் என்று இப்பாசியோ நினைத்தான். துக்கத்தில் இருப்பவளிடமே போய், “அக்கா, உங்களுக்கு இன்னைக்கு யாரு சாப்பாடு குடுக்கணும்?” என்று கேட்கவா முடியும்? கேட்காமல் கொண்டுபோனால், முறை தப்பி வந்தவர்கள் பாடு என்ன என்று தெரியாதா? இது போதாதென்று இன்னொரு பயம். கோசிமா சாப்பிடப் போகிற சாறு! பியெரினா காலையிலேயே கோழி வாங்கிக் கொதிக்க வைத்துவிட்டாள். ருசி பார்த்தாள், பிடிக்கவில்லை. மறுபடி கொதிக்க வைத்தாள். இந்தக் கூத்து ஒவ்வொரு வீட்டிலும் நடந்துகொண்டிருந்தது. எல்லார் அடுப்பிலும் பானை, எவருக்கும் தூக்கிக்கொண்டு வரத் தைரியமில்லை.

இதெல்லாம் கோசிமாவுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்தது, யாரும் வரவில்லை என்பது மட்டும்தான்.

மறுநாள் சாயங்காலம் அடக்கம் முடிந்தது. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் ஒவ்வொருவராக அவள் கன்னத்தில் முத்தமிட்டு, “தெம்பா இருக்கணும், என்ன?” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியாகப் போன பியெரினா கதவைச் சாத்தினாள். அந்தச் சத்தம் கோசிமாவுக்கு எங்கேயோ கேட்ட சத்தமாக இருந்தது.

சமையலறையில் உட்கார்ந்தாள். வயிறு கத்தியது. சிலிண்டரைத் திறக்க அவள் கை போகாது, செத்தாலும் போகாது. குளிர்பெட்டியைத் திறந்தாள். மேல் தட்டில் வித்தூச்சாவின் கிண்ணம், மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. எடுத்து மேஜைமேல் வைத்துத் திறந்தாள். மசியல் இறுகிப்போயிருந்தது. வித்தூச்சா கரண்டியால் வழித்தெடுத்த தடம் அதில் அப்படியே இருந்தது.

இத்தனை வருஷம், இத்தனை பானை, இத்தனை வீடு. கடைசியில் மறுபடியும் அதே மூடிய கதவு, அதே மீதிச் சாப்பாடு. அதைச் சாப்பிட்டால் எல்லாம் பொய்யாகிவிடும் என்று தோன்றியது. சாப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை. கரண்டியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

அப்போதுதான் யாரோ கதவை உதைத்தார்கள். ஆமாம், தட்டவில்லை, காலால் உதைத்தார்கள்.

திறந்தாள். ஒரோன்சோ நின்றிருந்தான். இரண்டு கையாலும் ஒரு பானையைத் துண்டு சுற்றிப் பிடித்திருந்தான். சட்டை முன்பக்கம் முழுக்க ஈரம். ஒரு புருவத்தில் பாதி பொசுங்கிப் போயிருந்தது.

“தள்ளு. சுடுது” என்றான்.

பானையை மேஜையில் வைத்துவிட்டுக் கையை உதறினான். மேஜைமேல் இருந்த கிண்ணத்தையும் அவள் கையிலிருந்த கரண்டியையும் பார்த்தான்.

“யாரு செஞ்சது அது?”

“வித்தூச்சா.”

அவன் கிண்ணத்தை மூடி, குளிர்பெட்டிக்குள் வைத்துச் சாத்தினான். “அது இருக்கட்டும். இன்னைக்கு வேண்டாம்.”

கோசிமாவின் வாயில் சட்டம்தான் முதலில் வந்தது. “உன் வீட்டுல வருஷம் திரும்பல ஒரோன்சோ. நீ கொண்டுவரக் கூடாது.”

“தெரியும். லொரேத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். பியெரினாவைக் கேட்டா இப்பாசியோங்கிறா. அவனைக் கேட்டா அவளைக் கையைக் காட்டுறான். யாருக்குமே அவங்கவங்க முறைதானான்னு தெரியல. எனக்கு முறையே இல்லைன்னு எனக்கு நல்லாத் தெரியும். அதனால யோசிக்க வேண்டியதில்ல பாரு, வந்துட்டேன்.”

“உன் அடுப்பு…”

“நீ மூடிட்டுப் போன குமிழ்தான். இன்னைக்குத்தான் திறந்தேன்.” தன் புருவத்தைத் தடவிக்கொண்டான். “தீக்குச்சியை முதல்ல கிழிச்சு வெச்சுக்கிட்டு அப்புறம்தான் திருகணுமாம். எனக்கு யாரு சொன்னா? நான் திருகிட்டுத் தீப்பெட்டியைத் தேடிட்டு இருந்தேன். பூனை இன்னும் அலமாரி மேலேருந்து இறங்கல.”

தட்டை எடுத்து ஊற்றினான். எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். எழுந்து போகிற உத்தேசம் அவனுக்கு இல்லை என்பது அவன் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. அவளிடமிருந்து கற்றுக்கொண்டதுதான்.

“நீ சொன்ன மாதிரியே செஞ்சிருக்கேன்” என்றான்.

“நான் என்ன சொன்னேன்?”

“கேவலமா.”

கோசிமா தட்டைப் பார்த்தாள். கலங்கலான தண்ணீர். அதில் தோலோடு கேரட், வெட்டாத முழு வெங்காயம் ஒன்று, கீழே பாஸ்தா கரைந்து கஞ்சியாகிக் கிடந்தது. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். அவள் முகம் சுருங்கியது. விழுங்கினாள்.

“அட பாவி மனுஷா!” சத்தம் வீடு அதிர வந்தது. “இது சாறா? பஸ் கழுவின தண்ணியை ஊத்திக் கொண்டாந்திருக்கியா? உப்பு எங்கடா, உப்பு? வெங்காயத்தை உரிச்சியா, இல்ல சட்டையோட குளிப்பாட்டினியா? பாஸ்தா பல்லில்லாதவனுக்குக்கூட வேண்டாம்! இதைத் தின்னா வித்தூச்சா எழுந்து வந்து என்னைக் கேவலமாப் பேசுவா…”

அந்தப் பெயரைச் சொன்னதும் குரல் உடைந்தது. கரண்டி கையிலிருந்து விழுந்தது. கோசிமா மேஜைமேல் தலையைச் சாய்த்து அழுதாள். வித்தூச்சாவுக்காக அழுதாள். பந்தலேயோவுக்காக, அன்றைக்கு அழாததையும் சேர்த்து அழுதாள். “அங்க யாருமே வரல ஒரோன்சோ. கதவையே பாத்துட்டு இருந்தேன், ஒருத்தருமே வரல” என்றாள். எங்கே, எப்போது என்று ஒரோன்சோவுக்குப் புரியவில்லை. ஆனாலும், “நான் வந்துட்டேன்ல” என்றான். பிறகு விழுந்த கரண்டியை எடுத்துக் கழுவப் போனான்.

எதிர்வீட்டு ஜன்னல் படீரென்று திறந்தது.

“கோசிமாக்கா திட்டுறா!” என்று பியெரினா சந்து முழுக்கக் கேட்கக் கத்தினாள். “ஏய், திட்டுறாடி! சாப்பிடுறா! யாரோ கொண்டுபோயிட்டாங்க!”

அவ்வளவுதான். எங்கெங்கோ கதவுகள் திறந்தன. பியெரினா பானையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள், பாதியை வழியிலேயே சிந்தினாள். இப்பாசியோ ஒரு கையில் ரொட்டியும் ஒரு கையில் சாறுமாக வந்தான். பின்னாலேயே அவன் மனைவி, “மூடியைப் பிடி, மூடியைப் பிடி” என்று வந்தாள். இன்னும் யார் யாரோ வந்தார்கள். மேஜை நிறைந்துபோனது. எல்லாம் கோழிச்சாறு. சந்தில் அன்றைக்கு ஒரு கோழிகூட மிஞ்சியிருக்காது.

“அக்கா, நான் நேத்துக் காலையிலேயே வெச்சிட்டேன்க்கா. உங்களுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோன்னு…” பியெரினா மூக்கை உறிஞ்சினாள்.

“எனக்குப் பயந்துகிட்டா என்னைப் பட்டினி போட்டீங்க?” கோசிமா சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “சரி, இன்னைக்கு இவன். நாளைக்கு பியெரினா. மறுநாள் இப்பாசியோ. அதுக்கு அடுத்து…”

“நீ சும்மா இரு கோசிமா” என்றான் ஒரோன்சோ. “முறையை நாங்க போட்டுக்கிறோம். நீ துக்க வீட்டுக்காரி. வாயைச் சாப்பிட மட்டும் திற.”

கோசிமாவிடம் அப்படிப் பேசிவிட்டு அந்தச் சந்தில் அதுவரை ஒருவரும் தப்பித்ததில்லை. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் ஒரோன்சோவை மேலும் கீழும் பார்த்தாள், பொசுங்கிய புருவத்தில் கொஞ்ச நேரம் கண் நின்றது. பிறகு சிரித்துவிட்டாள். இப்பாசியோவின் மனைவி, “அப்பாடா” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

“எல்லாரும் உட்காருங்க. நின்னுட்டு என்ன வேடிக்கை? தட்டு எடுங்க. சாப்பிடாம யாரும் போகக் கூடாது” என்றாள் கோசிமா. சாவு வீட்டில் அவள் மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது அன்றுதான்.

பியெரினா தன் பானையைத் திறந்து, “அக்கா, இதுலேருந்து ஊத்தட்டுமா? இந்தத் தடவை நிஜமாவே கொதிக்க வெச்சேன்” என்று கரண்டியை நீட்டினாள். பொன்னிறமாக, மேலே கொழுப்பு பொட்டுப் பொட்டாக மிதக்க, நல்ல சாறு. வாசனையே சொன்னது.

கோசிமா தன் தட்டை அவளிடமிருந்து நகர்த்தி ஒரோன்சோவின் பக்கம் நீட்டினாள்.

“இவன் பானையிலேருந்தே இன்னும் ஒரு கரண்டி ஊத்தச் சொல்லு” என்றாள். “வெங்காயம் வேண்டாம்.”